வேகமாக விளையாடினால் காயம் கூடுமா? மருமகனின் தொடையும் என் சீஆர் கொப்பியும்

மாங்குளம் விசில் (கேள்வி)

கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மாங்குளத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர். பதினெட்டு வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணி என் பொறுப்பு. என் அக்காவின் மகன் ரெக்சாஸில் ஒரு சின்னக் கல்லூரியில் அமெரிக்கன் புட்போல் விளையாடுகிறான். முட்டை மாதிரிப் பந்து, காலால் உதைப்பது எப்போதாவதுதான், அதற்குப் பெயர் புட்போல். அதை விடுவோம். அவன் தடுக்கும் பக்கத்தில் நடுவில் நிற்பவன். போன மாதம் பின்தொடைத் தசை கிழிந்து இப்போது ஊன்றுகோலோடு வகுப்புக்குப் போகிறானாம்.

அக்கா போனில் அழுதுகொண்டு என்னைத்தான் ஏசினா. "உன்னைப் போல ஒருத்தன்தானே கோச். மூச்சு விட விடாமல் ஓட்டுறாங்களாம். அதாலைதான் கிழிஞ்சது." அவனுடைய கல்லூரி அதிவேக ஆட்டம் ஆடும் கல்லூரி. விளையாட்டுத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொன்னால், பந்து வைத்திருக்கும் பக்கத்துக்கு நான்கு முயற்சி. அதற்குள் பத்து யார் (கஜம்) முன்னேற வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் ஐந்தாறு விநாடியில் முடிந்துவிடும். பிறகு எல்லோரும் வட்டமாகக் கூடி, அடுத்து என்ன செய்வது என்று பேசிவிட்டு வந்து நிற்பார்கள். அடுத்த ஆட்டத்தைத் தொடங்க 40 விநாடி இருக்கிறது. அதிவேக அணி வட்டமே கூடாது. விழுந்தவன் எழும்பமுன் அடுத்ததைத் தொடங்கிவிடும்.

போன ஒக்டோபரில் அவனுடைய மட்ச் ஒன்றை ஞாயிறு காலை ஐந்தரைக்குப் போனில் பார்த்தேன். அங்கே சனி இரவு ஏழு மணி. மனைவி குசினியில் புட்டு அவிக்க, நான் விறாந்தையில் ஸ்ரொப்வோச்சும் சீஆர் கொப்பியும் வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். விசிலுக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடையில் எத்தனை விநாடி என்று எழுதினேன்: 16, 14, 19, 13. எதிரணிப் பக்கம்: 34, 37, 31. கமரா கிட்டப் போனபோது ஒரு பெரிய பொடியன் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு நிற்கிறான், ஹெல்மெற் கம்பிக்குள்ளால் எச்சில் வழிகிறது, அவன் நிமிர முன்னமே பந்து போய்விட்டது. அதைப் பார்த்து, சொன்னால் வெட்கம், எனக்கு ஆசை வந்துவிட்டது.

ஜனவரியில் என் பொடியன்களையும் அப்படி ஆட வைத்தேன். கோலி பந்தைப் பிடித்த உடனே எறிய வேண்டும். வெளியே போன பந்தை யார் கிட்ட நிற்கிறானோ அவனே எடுத்து எறிய வேண்டும். பந்தைப் பறிகொடுத்தால் பின்னுக்கு ஓடாமல் அந்த இடத்திலேயே பறிக்க வேண்டும். மூன்று மட்ச் வென்றோம். முந்தைய வருடம் முழுக்க வென்றதே இரண்டு. ஆனால் மார்ச் முடியமுன் மூன்று பொடியன்களுக்குப் பின்தொடை பிடித்துவிட்டது, ஒருவனுக்குக் கணுக்கால். முந்தைய வருடம் ஒரேயொரு காயம்.

ஆசிரியர் அறையில் ஒருவர், "நீர் பிள்ளையளை மோட்டச்சைக்கிள் ஆக்கப் பார்க்கிறீர்" என்றார். அதையாவது தாங்கலாம். ஒரு பொடியனின் தகப்பன் கேற்றடிக்கு வந்து, "மாஸ்ரர், அவன் வயலுக்கு வராட்டிலும் பரவாயில்லை, நடக்கவாவது விடுங்கோ" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாள் நித்திரை இல்லை.

எங்கள் பக்கத்தில் காயத்தை யாரும் எண்ணி எழுதுவதில்லை. அமெரிக்காக்காரன் எல்லாவற்றையும் எண்ணுகிறவன். அங்கே இந்தக் கேள்விக்கு விடை இருக்கிறதா? வேகம்தான் காரணமா?

ஸ்காபரோ சின்னத்தம்பி

மாஸ்ரர், வணக்கம். நான் கந்தாவளைப் பிறப்பு, முப்பது வருடமாகக் கனடா, சனிக்கிழமைகளில் மனிசியின் ஏச்சை வாங்கிக்கொண்டு கல்லூரிப் புட்போல் பார்க்கிற ஆள். உங்கள் கேள்வி அங்கே பெரிய சண்டையாகவே நடந்தது.

2014 பெப்ரவரியில், அங்கே கல்லூரி விளையாட்டை நடத்துகிற என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிக்குழு ஒரு யோசனை கொண்டுவந்தது. அந்த 40 விநாடியில் முதல் பத்து விநாடி பந்தைத் தொடக்கூடாது, தடுக்கும் பக்கம் ஆள் மாற்ற அவகாசம் வேண்டும், மீறினால் ஐந்து யார் தண்டம். ஒவ்வொரு அரைப்பகுதியின் கடைசி இரண்டு நிமிடத்துக்கு மட்டும் விலக்கு. இதற்கு ஆதரவாக நின்றவர்கள் அப்போதைய அலபாமா கோச் நிக் சேபனும் ஆர்க்கன்சோ கோச் பிரெட் பீலமாவும். இரண்டு பேரும் அப்போது ஆற அமர ஆடியவர்கள். அதற்குச் சில மாதம் முன்புதான் கஸ் மால்சானின் ஓபர்ன் அணி சேபனின் அணியை 34க்கு 28 என்று கவிழ்த்திருந்தது. ஓபர்ன் வேக அணி. மிச்சம் விளங்கும்தானே.

அப்போது அங்கே விதி மாற்றியது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. இடைப்பட்ட வருடத்தில் பாதுகாப்புக்கென்று சொன்னால் மட்டும்தான் மாற்ற முடிந்தது. 2014 இடைப்பட்ட வருடம். எனவே "பிள்ளைகளின் உடம்புக்காக" என்று சொல்லியே ஆகவேண்டியிருந்தது. மால்சான் தரப்பு கேட்டது ஒரே கேள்வி: ஆதாரம் எங்கே? யாரும் கணக்குக் காட்டவில்லை. பீலமா, கலிபோர்னியாவில் ஒரு மாணவ வீரர் இறந்ததைக் காட்டப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்தப் பிள்ளை இறந்தது மட்ச்சில் அல்ல, பயிற்சி ஓட்டத்தில். மார்ச்சில் யோசனையைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள்.

பகிடி என்னவென்றால், அந்த வருடமே சேபனும் வேக ஆட்டத்துக்கு மாறிவிட்டார். ஆக என் தீர்ப்பு: வேகம் குற்றவாளி இல்லை. தோற்றவன் சொல்லும் சாட்டு. நீங்கள் நிம்மதியாகப் படுங்கள்.

முள்ளியவளை லெப்ட் விங்

எங்கள் காலத்தில் வேகமும் இருந்தது காயமும் இருக்கவில்லை என்று எழுத வந்தேன். பிறகு யோசித்தால் எனக்கே இடது முழங்கால் சரியில்லை.

சின்னத்தம்பி, ஆதாரம் காட்டவில்லை என்றால் குற்றம் இல்லை என்று ஆகிவிடுமா? எண்ணாததால் இல்லை என்று சொல்வது எங்கள் ஊரில் நிறையக் கேட்ட கதை.

மாஸ்ரருக்கு மூன்று கேள்வி. பயிற்சி எத்தனை மணிக்கு? மைதானம் புல்லா கிரவலா? பிடித்த தொடைக்கு என்ன செய்தீர்கள், புக்கை கட்ட அனுப்பினீர்களா?

மாங்குளம் விசில்

பள்ளிக்கூடம் இரண்டு மணிக்கு முடியும். பயிற்சி இரண்டரையிலிருந்து நாலரை வரை. நேரம் தள்ளிப்போட வழியில்லை, பாதிப் பிள்ளைகள் ஒட்டுசுட்டான் றோட்டால் சைக்கிளில் போகிறவர்கள், ஆறு மணிக்குப் பிறகு யானை றோட்டைக் கடக்கும். மைதானம் பாதி கிரவல், பாதி நெருஞ்சி. ஒரு கோல் கம்பத்தில் யாரோ கன்றுக்குட்டி கட்டுகிறார்கள், இன்னும் ஆளைப் பிடிக்கவில்லை. புக்கை ஒருவனுக்குக் கட்டினார்கள். மற்ற இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய், "ஓய்வு எடு" என்ற ஒரே சொல்லோடு வந்தார்கள்.

வவுனியா பிசியோ

சேர், நான் பிசியோதெரபிஸ்ற். ஸ்காபரோ அண்ணையின் தீர்ப்பையும் ஏற்க ஏலாது, உங்கள் அக்காவின் தீர்ப்பையும் ஏற்க ஏலாது.

அமெரிக்காக்காரன் எண்ணுகிறவன் என்பது சரி. என்.சி.ஏ.ஏ. 1982 முதல் கல்லூரி விளையாட்டுக் காயங்களைப் பதிகிறது. ஆனால் எதை எதால் பிரிக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு வீரர் ஒரு பயிற்சிக்கோ ஒரு மட்ச்சுக்கோ இறங்கினால் அது ஒரு பங்குபற்றல். ஆயிரம் பங்குபற்றலுக்கு எத்தனை காயம் என்பதுதான் அளவு. மெதுவான மட்ச்சில் 60 தடவை மோதியவனுக்கும் ஒன்று, வேகமான மட்ச்சில் 90 தடவை மோதியவனுக்கும் ஒன்று. நீங்கள் கேட்கும் கேள்வி அந்த அளவுகோலுக்குள் அகப்படாது. நெல்லை மூட்டைக் கணக்கில் எண்ணிக்கொண்டு, மூட்டைக்குள் எத்தனை கிலோ என்று பார்க்காத மாதிரி.

உங்கள் கேள்வியில் இரண்டு கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒன்று, வேக அணி ஒரு மட்ச்சில் கூடுதலான தடவை மோதுகிறது. 70 தடவை 84 ஆனால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். ஒவ்வொரு மோதலின் ஆபத்தும் மாறாமல் இருந்தாலே காயமும் ஐந்தில் ஒரு பங்கு கூடும். அது வெறும் பெருக்கல் கணக்கு. இரண்டாவது, களைத்த உடம்போடு மோதுவதால் ஒவ்வொரு மோதலின் ஆபத்துமே ஏறுகிறதா? கோச்மார் சண்டை பிடித்தது இதைப் பற்றி. இதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க, மோதல் மோதலாக எண்ண வேண்டும்.

அப்படி எண்ணிய இடமும் உண்டு. ஐவி லீக் என்ற எட்டுப் பல்கலைக்கழகங்கள், ஆரம்ப உதைதான் கூடுதலாகத் தலையைக் கலக்குகிறது என்று கண்டுபிடித்தன. 2015இல் மொத்த ஆட்டத்தில் நூற்றுக்கு 6தான் அந்த உதை, ஆனால் மூளை அதிர்ச்சியில் நூற்றுக்கு 21 அதில். 2016இல் உதைக்கும் இடத்தை ஐந்து யார் முன்னுக்குத் தள்ளினார்கள். பந்து பெரும்பாலும் எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் போய்விடும், இரண்டு பக்கமும் முழு வேகத்தில் ஓடி வந்து முட்டும் தேவை குறையும். ஆயிரம் உதைக்கு 11 அளவில் இருந்த மூளை அதிர்ச்சி 2க்கு இறங்கியது. எனக்கு இதில் பிடித்தது, எத்தனை ஆட்டம் என்று பார்க்காமல் எந்த ஆட்டம் என்று பார்த்தது.

உங்களுக்கு உதவக்கூடிய இன்னொரு கணக்கு. 1988 முதல் 2004 வரையான கல்லூரிப் புட்போல் பதிவில், ஆயிரம் பங்குபற்றலுக்கு மட்ச்சில் சுமார் 36 காயம். பருவகாலப் பயிற்சியில் சுமார் 4. ஆனால் மட்ச்சே இல்லாத வசந்தகாலப் பயிற்சியில் 9க்கும் மேல். நீண்ட லீவுக்குப் பிறகு வந்து, இடத்தைப் பிடிக்க ஒருவரோடொருவர் முட்டிக்கொள்ளும் காலம் அது. உங்கள் மருமகனுக்கு எங்கே கிழிந்தது என்று கேட்டீர்களா? அக்கா சொன்னது போதாது.

உங்கள் பொடியன்களுக்கும் அதையே கேளுங்கள். எந்தத் திகதி, எத்தனையாவது நிமிடம், அன்று வேறு என்ன செய்தார்கள். பின்தொடை, உதைபந்தாட்டத்தில் ஒவ்வொரு பாதியின் கடைசிப் பகுதியில்தான் கூடுதலாகக் கிழியும், அதனால் களைப்பு ஒரு பொய்க் காரணம் இல்லை. ஆனால் களைப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

மாங்குளம் விசில்

பிசியோ தங்கச்சி, உங்கள் பதிலை வாசித்துவிட்டு நேற்று இரவு கொப்பியை எடுத்தேன். காயத்துக்கென்று ஒரு பக்கமும் இல்லை. ஆனால் வரவு எழுதியிருக்கிறேன், அதில் "வரவில்லை, கால்" என்று கிறுக்கியிருக்கிறது. அதை வைத்துப் பின்னால் போய்ப் பார்த்தேன்.

முதல் பொடியன், ஜனவரி கடைசிக் கிழமை, செவ்வாய். இரண்டாமவன் பெப்ரவரி இரண்டாம் கிழமை, வியாழன். இரண்டும் பயிற்சியில். இரண்டும் பயிற்சி தொடங்கி அரை மணித்தியாலத்துக்குள். களைக்க நேரமே இல்லையே என்று முதலில் சந்தோசப்பட்டேன். பிறகு இரண்டாமவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அண்டைக்கு வேறை என்னடா செய்தனீ?"

"இல்லப் போட்டிக்கு நூறு மீற்றர் ஓட விட்டவை சேர். நாலு தரம்."

"எப்ப?"

"பத்து மணிக்கு. பேந்து நீங்களும் கயிறு இழுக்க விட்டனீங்கள்."

நானும்! ஞாபகமே இல்லை. டிசம்பர் முழுக்க லீவு, மாரி மழைக்கு மைதானம் குளம், ஒருவனும் ஓடவில்லை. ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கிய உடனே இல்ல விளையாட்டுப் போட்டி. காலையில் இல்லத்துக்காக ஓட்டம், மத்தியானம் வெயிலில் எனக்காக ஓட்டம். இரண்டு கொப்பி, இரண்டு ஆசிரியர், ஒரு கால். முந்தைய வருடமும் இல்லப் போட்டி இருந்ததுதான், ஆனால் அப்போது என் பயிற்சி நடந்து போய்ப் பந்து தட்டுகிற பயிற்சி.

கணுக்கால் பொடியனுக்கு வேகமும் இல்லை ஒன்றும் இல்லை. மழைச் சேற்றில் மாடு மிதித்த குளம்புக் குழி காய்ந்து சீமெந்து மாதிரி இறுகியிருந்தது, அதற்குள் கால் போய்விட்டது. (கன்றுக்குட்டிக்காரன் மேல் எனக்குக் கோபம் இரட்டிப்பாகிவிட்டது.)

மூன்றாவது பின்தொடைதான் என்னை உறுத்துகிறது. அது மட்ச். முடிய எட்டு நிமிடம். அவன் வலது பக்க அரணில் நிற்கிறவன், அன்று இடைவேளைக்குப் பிறகு ஏழெட்டுத் தடவை முழு நீளத்துக்கு ஓடியிருப்பான். ஒருமுறை என் பக்கம் பார்த்துத் தொடையைத் தட்டிக் காட்டினான். பின்வரிசையில் எனக்கு மிச்சம் இருந்தது ஒரு கோலியும், காய்ச்சல் மாறி அன்றுதான் வந்த ஒருவனும். "கொஞ்ச நேரம்தான், பிடி" என்று சைகை காட்டினேன். அடுத்த பந்துக்கு ஓடியவன் சுடப்பட்டவன் மாதிரிப் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். கேற்றடிக்கு வந்த தகப்பன் இவனுடைய தகப்பன்தான். இதற்கு இல்லப் போட்டியைச் சாட்ட முடியாது. அமெரிக்காவில் ஆள் மாற்றப் பத்து விநாடி கேட்டார்கள். எனக்கு விநாடி இருந்தது, ஆள் இல்லை.

மருமகனுக்கும் குரல்பதிவு அனுப்பினேன். வந்த பதில்: "மாமா, மட்ச்சில இல்லை. ஸ்பிரிங் பிரக்ரிஸ். ரெண்டாவது கிழமை. அம்மாக்கு மட்ச் எண்டு சொன்னனான், பிரக்ரிஸில எண்டால் இன்னும் பேசுவா." பயிற்சியில் அவன் முட்டுவது அவனுடைய சொந்தக் கல்லூரி வேக அணியோடு, கிழமைக்கு மூன்று நாள். ஆகவே வேகம் அந்தப் பக்கத்தாலும் உள்ளே வந்துவிட்டது. அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

ஸ்காபரோ சின்னத்தம்பி

சரி, என் தீர்ப்பை அரைவாசி திரும்ப எடுக்கிறேன். லெப்ட் விங் அண்ணை, திருப்திதானே?

ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்த வேகத்துக்கு அங்கே கண்டுபிடித்த மருந்து நடிப்பு. மூச்சு வாங்க நேரம் இல்லாவிட்டால் ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிடுவான், ஆட்டம் நிற்கும், மற்ற பத்துப் பேரும் தண்ணீர் குடிப்பார்கள். 2010இல் கலிபோர்னிய அணியின் துணைக் கோச் ஒருவர் ஒரேகன் மட்ச்சில் அப்படி விழச் சொல்லிக்கொடுத்து ஒரு மட்ச் தடை வாங்கினார். 2025இல்தான் சரியான பூட்டுப் போட்டார்கள்: அடுத்த ஆட்டத்துக்குப் பந்தை வைத்த பிறகு விழுந்தவனைப் பார்க்க வைத்தியக்குழு உள்ளே வந்தால், அந்த அணியின் ஒரு டைம் அவுட் (அணி கேட்டு ஆட்டத்தை நிறுத்தும் உரிமை) போகும், அது முடிந்திருந்தால் ஐந்து யார் தண்டம். ஆக, மாஸ்ரர், காயக் கணக்கு எழுதும்போது விழுந்தவன் எல்லாரையும் எழுதாதீர்கள்.

முள்ளியவளை லெப்ட் விங்

எங்கள் அணியில் கோல் அடித்து முன்னுக்கு நின்றால் கோலிக்கு உடனே சப்பாத்து அவிழும். அமெரிக்கா ஏன்?

வவுனியா பிசியோ

சேர், தொடைக்கு ஒரு பயிற்சி. ஒருவர் முழங்காலில் நிற்க, பின்னால் மற்றவர் இரண்டு கணுக்காலையும் அமத்திப் பிடிக்க வேண்டும். முழங்காலில் நிற்பவர் முதுகை வளைக்காமல் மெதுவாக முன்னுக்குச் சாய வேண்டும், தாங்க ஏலாத இடத்தில் கையை ஊன்றலாம். ஒரு சாமானும் தேவையில்லை. ஒழுங்காகச் செய்த அணிகளில் பின்தொடைக் காயம் அரைவாசி அளவுக்குக் குறைந்திருக்கிறது. முதல் கிழமை இரண்டு நாள், ஐந்தைந்து தடவை போதும். ஆர்வத்தில் கூட்டிவிடாதீர்கள், உங்கள் ஆர்வம் எனக்கு இப்போது தெரியும்.

அடுத்தது வெயில். லீவு முடிந்து வந்தவனை முதல் நாளே முழு வேகத்தில் விடாதீர்கள். கல்லூரிப் புட்போலிலேயே 2003இல் வந்த விதியில் பருவத்தின் முதல் ஐந்து நாள் பழக்கும் நாட்களாக இருந்தன, முதல் இரண்டு நாளும் ஹெல்மெற் மட்டும், முழுக் கவசம் ஐந்தாம் நாள்தான். ஒரு பிள்ளை தடுமாறி, கதை குழறி விழுந்தால் ஆட்டோ தேடி ஓடமுன் உடம்பைக் குளிராக்குங்கள். தறப்பாளில் படுக்கவைத்து, நாலு மூலையையும் தூக்கிப் பிடித்து, தண்ணீரும் ஐஸும் ஊற்றி அசைக்க வேண்டும். தறப்பாள் இல்லாத வீடு வன்னியில் இல்லைத்தானே.

மாங்குளம் விசில்

தறப்பாள் இருக்கிறது. ஐஸுக்கு, முல்லைத்தீவிலிருந்து மீன் கொண்டுவருகிறவரிடம் கேட்டேன், றெஜிபோம் பெட்டியில் மிச்சம் இருந்தால் தருவாராம். மீன் மணக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

இன்று அந்த முழங்கால் பயிற்சியைச் செய்துபார்த்தோம். ஐந்தாவது தடவையோடு ஒருவனும் வாய் திறக்கவில்லை. எல்லோருடைய முழங்காலிலும் கிரவல் பதிந்த புள்ளி, அம்மை போட்ட மாதிரி. நாளைக்கு நெல் சாக்கு விரிக்க வேண்டும்.

கொப்பியில் புதுப் பக்கம் கீறியிருக்கிறேன்: திகதி, பயிற்சியா மட்ச்சா, எத்தனையாவது நிமிடம், காலையில் வேறு என்ன. இல்லப் போட்டி ஓட்டம் இருக்கும் நாளில் என் பயிற்சி இல்லை என்று மற்ற ஆசிரியரோடு பேசி முடிவாகிவிட்டது. வேக ஆட்டத்தை விடவில்லை. ஆனால் ஐந்து மாற்றுப் பொடியன்கள் இல்லாவிட்டால் இரண்டாம் பாதியில் பழைய ஆட்டம்தான்.

நேரத்தையும் நாலு மணிக்கு மாற்றலாம் போல் இருக்கிறது. அந்தத் தகப்பன் நேற்றுப் பின்னேரம் திரும்ப வந்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவர் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளைகளின் சைக்கிள்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஏழு சைக்கிளும் லான்ட்மாஸ்ரர் பெட்டிக்குள்ள ஏறும், மாஸ்ரர். டீசலுக்கு மட்டும் ஏதும் பாருங்கோ" என்றார். மகன் இன்னும் நொண்டுகிறான், அந்த உழவு இயந்திரப் பெட்டியில் முதல் ஆளாக ஏறியது அவன்தான்.